விட்டுக்கொடுத்த இரண்டு சாண்

கணேசலிங்கத்துக்கு யாராவது வணக்கம் சொன்னால், பதில் வணக்கம் சொல்வதற்கு முன் ஒரு கணம் யோசிப்பார். எதற்காகச் சொல்கிறான் என்று அவருக்குத் தெரியவேண்டும். பேருந்தில் வேறு இருக்கைகள் காலியாகக் கிடக்கத் தன் பக்கத்தில் வந்து உட்காருகிறவனை அவர் நம்புவதில்லை. தள்ளிப்போய் உட்காருகிறவனையும் நம்புவதில்லை. ஜெர்மன் நகரமான பீலெஃபெல்டில் வந்து குடியேறி மூன்று தசாப்தங்களுக்கு மேலாகிவிட்டன. உறையவைத்த பீட்சா செய்யும் தொழிற்சாலையில் ஒரு கிழமை காலை வேலை, மறு கிழமை மாலை வேலை என்று உழைத்து ஓய்வூதியமும் எடுத்தாயிற்று. அந்தப் பீட்சாவை மட்டும் அவர் இன்றுவரை வாயில் வைத்ததில்லை. காரணம் கேட்டால், "செய்தவனுக்குத் தெரியும்" என்பார். செய்தவர் அவர்தான்.

இந்தச் சந்தேகத்தைக் குறை என்று தள்ளிவிட முடியாது. அவர் உயிரோடு இருப்பதே அதனால்தான் என்று அவரே சொல்வார். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தை விட்டு, கிழக்கு பெர்லினுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து நகர ரயிலில் மேற்குப் பக்கம் இறங்கிய கூட்டத்தில் அவரும் ஒருவர். வழியில், கூட்டிவந்த ஏஜென்ட், "பாஸ்போட்டை என்னட்டைத் தாங்கோ, பத்திரமா வைச்சிருப்பன்" என்றபோது எல்லோரும் கொடுத்தார்கள். கணேசலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய், ஏஜென்ட் போகும்வரை வெளியே வரவில்லை. கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவருக்கும் கடைசியில் ஒரே அகதி விடுதியில்தான் இடம் கிடைத்தது என்பதை அவர் கதையில் சேர்ப்பதில்லை.

அந்த விடுதியில் ஓர் அறைக்கு ஆறு பேர், எல்லோருக்கும் ஒரே அடுப்பு. வெளியே போகும்போது தன் அரிசி டின்னைத் திறந்து, அரிசியின் மேல் விரலால் ஒரு கோலம் இழுத்துவிட்டு மூடுவார். எவனாவது ஒரு பிடி அள்ளினால் கோலம் காட்டிக்கொடுத்துவிடும். அதே அறையில் ஒருவன் காய்ச்சலில் விழுந்தபோது, அதே அரிசியில் கஞ்சி காய்ச்சி மூன்று வேளையும் ஊட்டியவரும் அவரே. ஊட்டும்போது நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது அன்பினாலா, இவன் நடிக்கிறானா என்று அறியவா என்பது காய்ச்சல்காரனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. இப்படிப்பட்ட மனிதரை நல்லவர் பட்டியலில் சேர்ப்பதும் கடினம், நீக்குவதும் கடினம்.

தோட்டம் மனைவி புஸ்பவதியின் ஆசை. நகரசபைக்குச் சொந்தமான நிலத்தைத் தோட்டச் சங்கம் ஒன்று குத்தகைக்கு எடுத்து, துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுக்கும். துண்டுக்கு ஒரு மரக் குடில் உண்டு. மூன்றில் ஒரு பங்கில் காய்கறியோ பழமோ விளைய வேண்டும். மதியத்தில் சத்தம் கூடாது. எல்லைச் செடி இடுப்புக்கு மேல் வளரக்கூடாது. வருடத்தில் சில சனிக்கிழமைகள் எல்லோரும் சேர்ந்து பொதுவேலை செய்யவேண்டும். நிலம் எவருக்கும் சொந்தமில்லை. எவருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் எல்லைச் சண்டை வராது என்றுதான் சங்கத்தார் பல காலம் நம்பியிருந்தார்கள். பக்கத்துத் துண்டு விஜயரத்தினத்துக்குக் கிடைக்கும்வரை அந்த நம்பிக்கைக்குப் பழுதில்லை.

விஜயரத்தினம் தபால் பொதிகளைப் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்தவர், யாழ்ப்பாணத்தவர். கணேசலிங்கத்தைவிட இரண்டொரு வயது இளையவர். ஒரு காரணமும் இல்லாமல் சிரிப்பார். முதல் நாளே வேலிச் செடிக்கு மேலால் தலையை நீட்டி, "கணேசண்ணை, நல்ல அயல் கிடைச்சிருக்கு எனக்கு" என்று சிரித்தார். கணேசலிங்கம் அன்று மாலையே தன் பக்கத்து எல்லையைக் காலால் அளந்து வைத்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு வேலி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு விளக்கினாலும் நம்பமாட்டார்கள். அங்கே வேலி நடுவது உயிருள்ள தடிகளால். கதியால் என்பார்கள். பழைய தடி பட்டுப்போனால் புதியதை நடவேண்டும். நடும்போது அது அடுத்த வளவுக்குள் நாலு விரல் நகர்ந்துவிடுவது இயற்கையின் விதி என்பது நட்டவன் கட்சி. கணேசலிங்கத்தின் தகப்பனும் தகப்பனின் மச்சானும் ஒரு கதியாலுக்காக நீதிமன்றம் ஏறினார்கள். இரண்டு பேரும் செத்த பிறகுதான் வழக்கு முடிந்தது. வழக்கு நாளில் இருவரும் ஒரே பேருந்தில், ஒரே பொதியிலிருந்து சாப்பிட்டுக்கொண்டு போவார்களாம்.

இரண்டு கோடைகள் மழையில்லாமல் போனதில், தோட்டத்தில் இருவருக்கும் நடுவே நின்ற செடி வரிசை காய்ந்துபோனது. சங்கம் அதைப் பிடுங்கி எடுத்தது. எல்லையில் வெறும் மண் மட்டும் மிஞ்சியது. விஜயரத்தினம் அடையாளத்துக்கு மூங்கில் குச்சிகள் குத்தினார். அவை தன் பக்கம் வந்திருப்பதாகக் கணேசலிங்கம் கண்டார், பிடுங்கித் தள்ளிக் குத்தினார். அடுத்த முறை வந்தபோது குச்சிகள் திரும்ப நடந்து வந்திருந்தன. இப்படிப் பல வாரம். கடைசியில் ஒரு சனிக்கிழமை வாய்த்தர்க்கம் முற்றி, கணேசலிங்கத்தின் கையிலிருந்த மண்வெட்டி தோளுக்கு மேல் எழுந்தது. எதிர்த் துண்டில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த ஜெர்மன் மூதாட்டி கோப்பையைக் கீழே போட்டார்.

"நான் கொத்தத்தான் தூக்கினனான்" என்றார் கணேசலிங்கம், சங்கத் தலைவர் லூக்காஸின் விசாரணையில்.

"ஓம், என்னைத்தான்" என்றார் விஜயரத்தினம், சிரித்தபடி.

மகள் ஆதிரைக்கு இந்தச் செய்தி லைப்சிக்குக்குப் போனது. அவள் அங்கே பல்கலைக்கழகத்தில், மனிதக் குழந்தைகள் எந்த வயதில் எப்படி ஒருவருக்கொருவர் உதவத் தொடங்குகின்றன என்று முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். தகப்பனுக்கு அந்தப் படிப்பிலும் சந்தேகம் உண்டு.

"ஏன் அப்பா மண்வெட்டியைத் தூக்கினீங்கள்?"

"அவன் என்ரை எல்லைக்குள்ளை வந்தவன். மனுசனுக்கு ரத்தத்திலை இருக்கிறதுதானே உது? நீங்கள் படிக்கேல்லையோ?"

"இருக்கெண்டு சொல்லுறவையும் இருக்கினம். சிம்பன்சி ஆம்பிளையள் கூட்டமா எல்லைக்குப் போகுங்கள். சத்தம் போடாதுகள், சாப்பிடாதுகள், ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு, நிலத்தை மணந்து மணந்து. மற்றக் கூட்டத்திலை தனிச்சு ஒண்டு மாட்டினால் அடிச்சே கொல்லுங்கள்."

"பாத்தியோ."

"பொறுங்கோ. பொனோபோ எண்டு இன்னொரு குரங்கு. பக்கத்துக் கூட்டத்தைக் கண்டால் சேர்ந்து இருந்து சாப்பிடும். ரெண்டும் எங்களுக்கு ஒரே தூரத்துச் சொந்தம்."

கணேசலிங்கம் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான் முதலாவது பக்கத்துச் சொந்தம். லூக்காஸிட்டை அப்பிடிச் சொல்லலாமோ?"

"தயவுசெய்து சொல்லாதேங்கோ. சிம்பன்சியும் தனியப் போகாது, அப்பா. நாலு பேரை நம்பித்தான் எல்லைக்குப் போகும். சண்டை பிடிக்கிறதுக்கே ஒற்றுமை வேணும். உங்களுக்கு அதுவும் இல்லை."

தொலைபேசியை வைத்த பிறகு அவருக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. இந்தப் பிள்ளை இவ்வளவு துருவித் துருவிக் கேட்டது அக்கறையினாலா, ஆய்வுக்கா?

லூக்காஸ் வெறும் சங்கத் தலைவர் மட்டுமல்ல. பிணக்குத் தீர்ப்பதில் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியவர். வாங்கிய நாளிலிருந்து ஒரு நல்ல பிணக்குக்காகக் காத்திருந்தார் போலும். ஈஸ்டர் விடுமுறைக்கு ஆதிரை வீட்டுக்கு வந்திருந்த சமயம், இரண்டு குடும்பத்தையும் தோட்டத்துக்கு அழைத்துத் தீர்ப்பைச் சொன்னார். முதலில் சங்கத்தின் வரைபடத்தை வைத்து எல்லையை அளப்பது. பிறகு அந்த இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து நாணல் பாயால் இடுப்பளவு வேலி கட்டுவது. இந்த வருடம் அதுதான் அவர்களுடைய பொதுவேலை. ஆகஸ்ட் மாதம் சங்கத்தார் துண்டு துண்டாகச் சுற்றிப் பார்க்க வருவார்கள். அதற்குள் வேலி நிற்காவிட்டால் இரண்டு துண்டும் காத்திருக்கும் வேறு இரண்டு குடும்பங்களுக்குப் போய்விடும்.

புஸ்பவதி தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இஞ்சாருங்கோ, தோட்டம் போச்சுதெண்டால் நான் நாள் முழுக்க உங்களோடை வீட்டுக்குள்ளை இருக்கவேணும். வடிவா யோசியுங்கோ."

அவர் யோசித்தார். பயமாகத்தான் இருந்தது.

லூக்காஸ் லேசர் கருவியை மூன்று காலில் நிறுத்தி, வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துத் திருகினார். மண்ணில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. விழுந்த இடம் விஜயரத்தினத்தின் குச்சிகளும் அல்ல, கணேசலிங்கத்தின் குச்சிகளும் அல்ல. கணேசலிங்கம் கத்தரிக்காகப் பாத்தி கட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் கூடாரம் கவிழ்த்து வைத்திருந்தார் அல்லவா, அந்தக் கூடாரத்துக்கு அப்பால், இன்னும் உள்ளே. இரண்டு சாண் அகலத்துக்கு, முழு நீளத்துக்கும், விஜயரத்தினத்தின் நிலத்தில்தான் கணேசலிங்கம் இத்தனை காலமும் கத்தரி நட்டு வந்திருக்கிறார். பழைய செடி வரிசையையே ஆதியில் எவனோ பிழையாக நட்டிருக்கிறான்.

கணேசலிங்கம் மனத்துக்குள் வழக்கறிஞர் தேடத் தொடங்கினார்.

விஜயரத்தினம் கோட்டைப் பார்த்தார், கூடாரத்தைப் பார்த்தார், வழக்கம்போல் சிரித்தார். "அது கிடக்கட்டும். பாத்தி கட்டினது கட்டினபடி இருக்கட்டும். வேலி அண்ணை சொல்லுற இடத்திலையே வரட்டும்." அதையே லூக்காஸுக்கு ஜெர்மனில் சொன்னார். இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் சங்கத்துக்கும் சம்மதம் என்று லூக்காஸ் கருவியை மடக்கினார். முகத்தில் சான்றிதழின் ஒளி.

அடி விழும் என்று குனிந்தவரின் கழுத்தில் மாலை விழுந்தது. கணேசலிங்கம் குனிந்தபடியே நின்றார். நிலத்தைத் திருடுகிறவனை அவருக்குத் தெரியும். பரம்பரை பரம்பரையாகத் தெரியும். நிலத்தை விடுகிறவன் எப்படிப்பட்டவன் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வீட்டுக்கு வந்து தேநீர் ஆறுமுன்பே மகளிடம் கேட்டார். "ஒருத்தன் தன்ரை நிலத்தைச் சும்மா விடுறதுக்கு உங்கடை படிப்பிலை என்ன சொல்லுகினம்?"

"நல்ல மனுசன் எண்டு சொல்லுகினம்."

"பகிடி விடாதை, பிள்ளை."

ஆதிரை கோப்பையை வைத்தாள். "சரி. கூர்ப்பின்படி, அதாவது பரிணாமத்தின்படி பாத்தால், தனக்கு நட்டம் வர இன்னொருத்தனுக்கு உதவுறது விளங்காத விசயம்தான். அதுக்கு முக்கியமா மூண்டு விளக்கம் இருக்கு. ஒண்டு, சொந்தக்காரனா இருக்கவேணும். அவன் தப்பினால் எங்கடை ரத்தமும் தப்பும். ரெண்டு, பேந்து திருப்பி வாங்கலாம் எண்டு குடுக்கிறது. மூண்டு, நாலு பேர் பாக்கக் குடுக்கிறது. நல்ல பேர் வந்தால் எல்லாரும் உதவுவினம்."

"மூண்டும் கள்ளம்."

"மூண்டும் கணக்கு, அப்பா. ஆனால் என்ரை சின்னப் பிள்ளையள் இருக்குதுகளே, ஒண்டரை வயசு. முன்பின் தெரியாத ஆள் உடுப்புக் காயப்போடுற கிளிப்பைத் தவற விட்டால், தத்தித் தத்திப் போய் எடுத்துக் குடுக்குதுகள். ஒரு இனிப்பும் குடுக்கிறேல்லை."

"தாய் பாத்துக்கொண்டு இருந்திருப்பா. அதுதான்."

"தாயை வெளியிலை விட்டும் பாத்திட்டம். அப்பவும் எடுத்துக் குடுக்குதுகள்."

"அப்ப நீங்கள் பாத்துக்கொண்டு இருந்திருப்பியள்" என்றார் கணேசலிங்கம்.

ஆதிரை லைப்சிக்குக்குத் திரும்பினாள். அவள் விட்டுப்போன மூன்று விளக்கங்களையும் கணேசலிங்கம் மூன்று குற்றவாளிகளைப் போல வரிசையில் நிறுத்தி விசாரிக்கத் தொடங்கினார்.

முதலாவது, சொந்தம். பான் நகரில் இருக்கும் மச்சான் பரராசசிங்கத்துக்கு யாழ்ப்பாணத்தில் பாதிப் பேரின் தலைமுறைகள் வாய்ப்பாடம். அவருக்குத் தொலைபேசி எடுத்து, விஜயரத்தினத்தின் தாய்வழி தகப்பன்வழி எல்லாம் கேட்டார். மச்சான் மறுநாள் திரும்ப எடுத்தார். "தீவுப்பக்கத்து ஆக்கள். எங்கடை பக்கம் ஒரு சம்பந்தமும் இல்லை. ஏன், ஏதும் கலியாணம் பேசுறியோ?" இல்லை என்று சொன்னதை மச்சான் நம்பவில்லை. அந்தக் குடும்பத்தில் சந்தேகம் கணேசலிங்கத்தோடு நின்றுவிடவில்லை.

இரண்டாவது, கைம்மாறு. இதற்குக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தார். சித்திரை போய் வைகாசியும் போனது, விஜயரத்தினம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனியில் ஒருநாள் வந்து, "அண்ணை, உங்கடை ஒத்தைச் சில்லு வண்டிலை ஒருக்காத் தாறீங்களோ?" என்றார். கணேசலிங்கத்தின் நெஞ்சு குளிர்ந்தது. வந்துவிட்டது. தள்ளுவண்டியைக் கொடுத்துவிட்டு, அடுத்து என்ன கேட்பான் என்று பார்த்திருந்தார். அன்று மாலையே வண்டி திரும்பி வந்தது. கழுவி, சில்லுக்கு எண்ணெய் போட்டு. பல வருடமாகக் கீச்சிட்ட வண்டி இப்போது சத்தமே இல்லாமல் உருண்டது. அந்த அமைதி அவரை வதைத்தது. இவன் கடனை வசூலிக்கவில்லை, ஏற்றுகிறான்.

மூன்றாவது, நல்ல பெயர். நிலம் விட்டுக்கொடுத்த வள்ளல் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறானோ? தமிழ்க் கடை டெனிஸ்டனின் காதுக்கு எட்டாத செய்தி பீலெஃபெல்டில் இல்லை. கணேசலிங்கம் முருங்கைக்காய் பொறுக்குகிற பாவனையில் மெல்லத் தொடங்கினார்.

"உவர் விஜயரத்தினம் கடைக்கு வாறவரோ, தம்பி?"

"வருவார் அண்ணை. ஏன்?"

"ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்னத்தை?"

"தோட்டத்தைப் பற்றி."

டெனிஸ்டன் தராசை விட்டுவிட்டு முன்னுக்கு வந்தான். "ஒண்டும் சொல்லேல்லையே. என்ன நடந்தது அண்ணை? சொல்லுங்கோவன்."

கணேசலிங்கம் முருங்கைக்காயையும் விட்டுவிட்டு வெளியேறினார். அந்த வாரமே, தோட்டத்தில் விஜயரத்தினத்துக்கும் கணேசலிங்கத்துக்கும் ஏதோ பெரிய கொடுக்கல் வாங்கல் என்று ஊர் பேசத் தொடங்கியது. பரப்பியவர் யார் என்று விசாரித்ததில் கணேசலிங்கம் என்றே தெரியவந்தது.

மூன்று குற்றவாளிகளும் விடுதலையாகிவிட்டார்கள். குற்றம் மட்டும் மிச்சம். இதில் கணேசலிங்கம் எடுத்த முடிவு அவருக்கு நேர்மையாகத்தான் பட்டது: காரணம் தெரியாமல் அந்த வேலியில் கை வைப்பதில்லை. காரணமில்லாத தானத்தை ஏற்றுக்கொள்வது, படிக்காமல் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். ஆடி முழுக்க இடுப்பு நாரியில் பிடிப்பு என்றார், வெயில் என்றார், பாய் இன்னும் கடைக்கு வரவில்லை என்றார். பாய் வந்து குடிலில் சுருண்டு கிடந்தது. பாத்தியில் கத்தரி பூத்துக் காய்த்தது. விஜயரத்தினம் விட்டுக்கொடுத்த கோட்டில் முளைக்கம்புகளை நட்டுவிட்டு, கணேசலிங்கம் வேலைக்கு எப்போது கூப்பிடுவார் என்று காத்திருந்தார்.

சங்கத்தார் வருவதற்கு முந்தின சனிக்கிழமை காலை. புஸ்பவதி பாயையும் கயிற்றுப் பந்தையும் தானே தூக்கிவந்து எல்லையில் போட்டார்.

"இண்டைக்குக் கட்டாட்டில், நாளையிலை இருந்து நான் வீட்டிலை இருந்து உங்களை எப்பிடி நடத்துறன் எண்டு பாருங்கோ."

பாயால் வேலி கட்டுவதில் ஒரு விசித்திரம் உண்டு. அதைத் தனி ஒருவரால் கட்ட ஏலாது. யாழ்ப்பாணத்தில் ஓலை வேலி அடைக்கும்போது, உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் நிற்கவேண்டும். குத்தூசி என்ற நீண்ட ஊசியில் கயிற்றைக் கோத்து இங்கிருந்து ஒருவர் குத்த, அங்கிருப்பவர் வாங்கி, தடியைச் சுற்றித் திரும்பக் குத்த, இங்கே இழுத்து இறுக்கவேண்டும். யாருக்கு எதிராக அந்த வேலியோ, பல நேரம் அவரே மறுபக்கத்தில் நின்று ஊசி வாங்குவார். வழக்காடிய தகப்பனும் மச்சானும் அப்படித்தான் வருடம் தவறாமல் அடைத்தார்கள். லூக்காஸ் இதை அறிந்து தீர்ப்புச் சொல்லவில்லை. பிளாஸ்டிக் பட்டி போட்டு ஆளுக்கு ஒரு பக்கமாகக் கட்டுவார்கள் என்றுதான் நினைத்திருப்பார். இருவரும் கலந்து பேசவில்லை. விஜயரத்தினம் சைக்கிள் கம்பியை வளைத்துச் செய்த குத்தூசியோடு வந்திருந்தார். கணேசலிங்கமும் தன் சட்டைப் பையிலிருந்து அதே போன்ற ஒன்றை எடுத்தார்.

"என்ரை ஊசி போதும்" என்றார் கணேசலிங்கம்.

"ஓம் அண்ணை. முனை என்ரை பக்கம்தானே வரும்."

இருவரும் நிலத்தில் குந்தினார்கள். குந்திய நிலையில் பாய் முகத்தை மறைத்தது. நாணலைத் துளைத்துக்கொண்டு ஊசியின் முனை மறுபக்கம் போவதும், ஒரு கை அதைப் பிடிப்பதும், கொஞ்சம் தள்ளித் திரும்பி வருவதும்தான் தெரிந்தது. "குத்தும்", "வாங்கியாச்சு", "இழுங்கோ", "இன்னும் இறுக்கும்" என்பதற்கு மேல் பேச்சில்லை. கணேசலிங்கம் ஒவ்வொரு முறையும், இப்போது அவன் விரலில் குத்திவிட்டால் என்ன என்று நினைத்தார். இதே நினைப்பு அந்தப் பக்கமும் இருக்குமே என்றும் நினைத்தார். ஆனாலும் ஊசி வரும் இடத்தில் கையை வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

பாதி நீளம் முடிந்தபோது அவரால் பொறுக்க முடியவில்லை. வந்த ஊசியைத் திருப்பிக் குத்தாமல் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்டு கேக்கிறன். உண்மை சொல்லும். என்னத்துக்கு நிலத்தை விட்டனீர்?"

பாய்க்கு அப்பாலிருந்து கயிறு இழுபட்டது. "அண்ணை, ஊசியைத் தாங்கோ. வெயில் ஏறுது."

"சொன்னால்தான் ஊசி."

"சொன்னால் கோவிப்பீங்கள்."

"கோவிக்கேல்லை. சொல்லும்."

"அந்தப் பாத்தியிலை காய்க்கிற கத்தரிக்காய் எங்கை போகுதெண்டு நினைக்கிறீங்கள்? உங்கடை மனுசி என்ரை மனுசிக்கு வருசா வருசம் பை பையாக் குடுத்தனுப்புறா. கொத்துறது நீங்கள். தண்ணி விடுறது நீங்கள். பூச்சிக்கு மருந்தடிக்கிறதும் நீங்கள். தின்னுறது நான். நிலத்தைத் திருப்பி எடுத்தால் உதெல்லாம் நான் செய்யவேணும். எனக்கென்ன விசரோ?"

கணேசலிங்கத்துக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. மாதக்கணக்காக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. அட, இவன் கள்ளன்தான். தன் நிலத்தில் கூலியில்லாத ஆளை வைத்து விளைவித்துத் தின்கிற பெருங்கள்ளன். உலகம் பழையபடி தன் இடத்துக்கு வந்து நின்றது.

"எனக்குத் தெரியும்" என்றார், நிறைவோடு. "முதலிலையே தெரியும். அப்பிடி வாரும் வழிக்கு."

ஊசி பாயைத் துளைத்துப் போனது. மிச்சப் பாதியை அவர்கள் மதியத்துக்கு முன் கட்டி முடித்தார்கள். முடிச்சுகள் இரும்பு மாதிரி இறுகியிருந்தன.

அடுத்த வாரம் சங்கத்தார் வந்தார்கள். லூக்காஸ் பாயைத் தடவிப் பார்த்தார். எந்தப் பக்கம் நின்று கட்டினார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றார். இரண்டு பக்கமும் நின்று என்றார்கள் இருவரும். லூக்காஸ் கூட வந்தவர்களிடம் திரும்பி, உரையாடலின் மூலம் வன்முறையைக் கடக்கலாம் என்பதற்கு இது சாட்சி என்று சொல்லிப் படம் எடுத்தார். இரண்டு துண்டும் அவரவர்க்கே என்று முடிவானது. படத்தில் கணேசலிங்கமும் விஜயரத்தினமும் வேலிக்கு இரு பக்கமும் நிற்கிறார்கள். ஒருவர் சிரிக்கிறார். மற்றவர் சிரிப்பவரைப் பார்க்கிறார்.

அன்று மாலை வீட்டில் புஸ்பவதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வெற்றியின் மிதப்பில் கணேசலிங்கம் மெல்லக் கொக்கி போட்டார்.

"என்ரை பாத்திக் கத்தரிக்காயை நீர் ஆருக்கெல்லாம் குடுக்கிறனீர்?"

"ஆருக்குக் குடுக்கிறது? வீட்டுக்கே காணாது."

"சுந்தரேஸ்வரிக்குக் குடுக்கேல்லையோ? விஜயரத்தினத்தின்ரை மனுசிக்கு?"

புஸ்பவதி கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அவவுக்கோ? அவவுக்குக் கத்தரிக்காய் கிரந்தி. தின்னவேண்டாம், கையிலை தொட்டாலே தடிச்சுப்போம். அந்த வீட்டுக்குள்ளையே கத்தரிக்காய் எடுக்கிறேல்லை."

"அப்ப அவ்வளவு காயும் எங்கை போச்சுது?"

"உங்கடை வயித்துக்குள்ளை. வேறை எங்கை?"

கணேசலிங்கம் உட்கார்ந்தார். புஸ்பவதி பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு பார்த்தார். அது சரிவரவில்லை, கத்தரிக்காய்க் குழம்பு இல்லாத வாரம் அவருக்கே நினைவில்லை. ஆக, பொய் சொன்னவன் அவன். பொய் சொல்கிறவன் தன்னை நல்லவனாகக் காட்டச் சொல்வான். தன்னைக் கள்ளனாகக் காட்டுவதற்கு ஒருவன் ஏன் பொய் சொல்லவேண்டும்?

லைப்சிக்குக்குத் தொலைபேசி எடுத்தார். ஆதிரை முழுவதையும் கேட்டாள்.

"நீங்கள் ஊசியைத் தரமாட்டன் எண்டு இருந்தியள். அவருக்கும் தோட்டம் வேணும். உங்களாலை எதை விழுங்க ஏலுமோ அதைச் சொல்லியிருக்கிறார்."

"அது வேலி கட்டினதுக்குக் காரணம். நிலத்தை விட்டது? அது சித்திரையிலை."

"அதுதான் தெரியேல்லை, அப்பா."

"நாலாவது விளக்கம் ஒண்டும் இல்லையோ?"

"அதுகும் இருக்கு. ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுகினம்."

"இவ்வளவு படிச்சும்" என்றார் கணேசலிங்கம். அதைச் சொல்லும்போது அவருக்குத் திருப்தியாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, பாத்தியில் இருந்ததிலேயே நல்ல கத்தரிக்காய்களாகப் பறித்துப் பையில் போட்டார். தொடவே முடியாத வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் விஜயரத்தினத்தின் முகம் மாறும். மாறினால் பிடித்துவிடலாம். வேலிக்கு மேலால் பையை நீட்டி, கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தாரும். இந்த முறை என்ரை மனுசி குடுத்துவிடேல்லை. நான் தாறன்."

விஜயரத்தினம் பைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு காயை எடுத்து அமத்திப் பார்த்தார்.

"போன வருசத்தைவிடச் சின்னன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

அவர் சைக்கிளில் பையைக் கொளுவிக்கொண்டு வளைவு திரும்பும்வரை கணேசலிங்கம் பார்த்தார். வழியில் எங்கும் எறியவில்லை. இந்த ஒரு முறையை வைத்து முடிவு செய்ய முடியாது. மகளும் ஒரு பிள்ளையோடு சோதனையை நிறுத்துவதில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் ஒரு பை நிறைத்தார்.

"ஆருக்கு உது?" என்றார் புஸ்பவதி.

"சோதனைக்கு."

அந்தச் சனிக்கிழமை வேலிக்கு மேலால் கத்தரிக்காய் போக, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பை பயற்றங்காய் வந்தது. கணேசலிங்கம் அதை இரண்டு கையாலும் வாங்கி, குடிலுக்குள் கொண்டுபோய் மேசையில் வைத்து, முதலில் பையின் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.